ஜீப்பு ஏறும் முன் ஒரு மாத்திரை

"வயித்து மாத்திரை பதினாலு குடு ஆத்தா. வெரசா. மொக்கையன் இப்பவே ஆரன் அடிக்கிறான்."

மகாராணி அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். போடியில் மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்ட ஆடி மாதம். மலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஐந்தரை மணிக்கே கடையைத் திறந்துவிடுவோம்.

"பதினாலு பேருக்குமா வயிறு சரியில்ல?" என்று கேட்டேன்.

"ஒருத்திக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நல்லா இருக்கணும்னுதான் வாங்குறோம்."

"இது வியாதிக்குக் குடுக்குற மாத்திரைக்கா. வயித்தால போக ஆரம்பிச்ச பெறகு, டாக்டர் சொன்னாத்தான் சாப்பிடணும். சாப்பிட்டாலும் அவர் சொல்ற நாள் வரைக்கும் விடாம சாப்பிடணும். ஒண்ணு ஒண்ணாச் சாப்பிடக் கூடாது."

"போக ஆரம்பிச்ச பெறகா?" அவர் திரும்பி ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ சுப்புத்தாயி, இந்தப் பிள்ள சொல்றதக் கேளு. வந்த பெறகுதான் திங்கணுமாம். எந்த வளைவுல வந்த பெறகுன்னு நீயே கேளு."

ஜீப்புக்குள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த சுப்புத்தாய் அங்கிருந்தே கத்தினார். "படிச்ச பிள்ளைய ஒரு நாளைக்கு நம்ம ஜீப்புல ஏத்துக்கா. எட்டாம் வளைவுல தெரியும் படிப்பு!"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கடைக்கு வந்த மற்றவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்த கடை முதலாளி ஈஸ்வரன் அண்ணன் தலையை நீட்டி, "குடும்மா. ரெண்டு வருசமா வாங்குறவுகதான்" என்றார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அட்டையை ஒவ்வொன்றாக வெட்டினேன். அக்கா எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

போகத் திரும்பியவர் நின்றார். இந்தமுறை அவர் குரலில் கேலி இல்லை. ஜீப்பில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"நீ இதுக்குன்னே படிச்ச பிள்ள. ஒன்னயக் கேக்குறேன். இதத் தின்னா பின்னாடி ஒண்ணும் செஞ்சிராதுல்ல?"

"ஒண்ணும் செய்யாதுக்கா" என்றேன்.

ஜீப்பு ஓட்டும் மொக்கையன் மறுபடியும் ஆரன் அடித்தார். அக்கா ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அந்த மாத்திரை வயிற்றுப்போக்குக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் ஆண்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது. தேவையில்லாமலும் அரைகுறையாகவும் சாப்பிட்டால் குடலில் இருக்கும் கிருமிகளில் பலமில்லாதவை சாகும், பலமுள்ளவை தப்பித்துப் பெருகும், கடைசியில் உண்மையாகவே நோய் வரும் நாளில் மருந்து வேலை செய்யாது. பட்டயத் தேர்வில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். தெரியாமல் சொல்லவில்லை. ஒரு ஜீப்பு முழுக்கச் சிரித்த பிறகு இன்னொரு முறை வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. அதற்கு மேல் காரணம் தேடினால் கிடைக்கவில்லை.

மகாராணி அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கணவர் வெள்ளைத்துரை இறந்த பிறகு மகன் பிரதீப்பைக் காய் எடுத்தே வளர்த்தார். ஏலச்செடியில் காய் தரையை ஒட்டித்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் எடுக்க வேண்டும். எது பழுத்தது, எது இன்னும் ஒரு வாரம் நிற்க வேண்டும் என்று கண்ணால் பார்க்காமல் விரலால் தொட்டே அவருக்குத் தெரியும் என்பார்கள். காயின் பிசின் ஏறி அவர் நகங்கள் எப்போதும் கறுத்திருக்கும். அந்தக் கையால்தான் கல்லாவுக்கு மேலே எட்டி என் கன்னத்தைத் தட்டுவார்.

மொக்கையன் ஜீப்பில் யார் யார் வருவது, யார் எங்கே உட்காருவது எல்லாம் அவர் பொறுப்பு. வராதவளின் வீட்டு வாசலில் போய் நின்று, "ஏண்டி, மகாராணி நானா நீயா?" என்று கேட்டு எழுப்பிக்கொண்டு வருவார்.

இந்த மாத்திரைப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒரு மழைநாளில், ஜீப்பு வராமல் கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது, அவரே சொன்னார்.

போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பெண்களில் ஒருத்திக்கு வயிற்றைக் கலக்கினால் ஜீப்பை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எட்டு மணிக்குத் தோட்டத்தில் பேர் எழுதும்போது அத்தனை பேரும் இருக்க மாட்டார்கள். ஒருத்தியால் பதினான்கு பேருக்கும் அரைநாள் போகும். ஒதுங்குவதற்கும் அங்கே மறைவு கிடையாது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் மகாராணி அக்காதான் பதினோராம் வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாராம். பாலத்துத் திட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது மூணாறுக்குப் போகும் சுற்றுலா வேன் ஒன்று வளைவில் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது.

"வேன்ல இருந்த ஒரு பய போனத் தூக்கிப் பிடிச்சான். படம் எடுத்தானா, இல்ல மலையத்தான் எடுத்தானா, எனக்குத் தெரியாது. நான் சேலையத் தலையில போட்டுக்கிட்டேன். மொகந்தான தெரியக் கூடாது, மத்தது எல்லாருக்கும் ஒண்ணுதானன்னு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்தப் பருவம் முழுக்க ஜீப்பில் அவருக்குப் பெயர் 'பதினொண்ணு'. அடுத்த வருடம் யாரோ ஒரு கடையில் இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று போட்டால் அன்றைக்கு வயிறு கட்டிவிடுகிறது என்று அவருக்குத் தோன்றியது. அவர் போட்டார். பிறகு ஜீப்பு முழுவதற்கும் வாங்க ஆரம்பித்தார். அவர் வண்டியில் இனி ஒருத்தியும் அப்படி நிற்கக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

இதைக் கேட்ட அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தது, கடையில் வேறு ஆள் இல்லை, கேலி செய்ய ஜீப்பும் இல்லை. "பாவம்க்கா நீங்க" என்று மட்டும் சொன்னேன்.

நான்கு வருடம் இப்படியே போனது. வெட்ட நேரமாகிறது என்று சனிக்கிழமை மாலையே ஒரு வாரத்துக்கு வெட்டிக் காகித உறையில் போட்டு வைக்கத் தொடங்கினேன். மேலே 'மகாராணி' என்று எழுதிவிடுவேன். மற்ற ஜீப்புகளில் போகிறவர்களும் அந்த உறையைப் பார்த்து, "எங்களுக்கும் அந்த மகாராணி மாத்திரை குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன்.

போன ஐப்பசியில் அக்காவுக்கு வயிற்றின் வலது பக்கம் வலி வந்தது. தோட்டத்தில் பேரைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல் கையில் இருந்த மாத்திரையையே போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் செடிக்கு நடுவிலேயே சுருண்டு விழுந்தார். மலையை விட்டுக் கீழே கொண்டுவருவதைவிட அந்தப் பக்கம் போவது சுலபம் என்று தோட்டத்து ஜீப்பில் ஏற்றிக் கேரளத்துக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் கோட்டயம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். குடல்வால் வெடித்திருந்தது. அன்றே ஆபரேஷன்.

மறுநாள் பிரதீப் எனக்குப் போன் செய்தான். "ஷஹானாக்கா, டாக்டரம்மாவுக்குத் தமிழ் அரைகுறையாத்தான் புரியுது. அம்மா காய்ச்சல்ல குழறுது. என்னமோ கேக்குறாக, எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒங்களுக்கு மலையாளமும் தெரியும், மருந்தும் தெரியும். ஒரு எட்டு வந்து போங்கக்கா."

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கேரளத்துப் பூப்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருந்த காலத்தில் ஏழாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவள் நான். பிறகுதான் போடியில் தமிழ்ப் பள்ளி. அத்தாவையே துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். பொறுமையாகப் பேசினார். குடலில் இருந்த கிருமிகள் வயிற்றுக்குள் பரவிவிட்டன, எந்த மருந்துக்கு அவை அடங்கும் என்று பரிசோதனையில் தெரிய இன்னும் மூன்று நாளாகும், அதுவரை அனுமானத்தில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். அதனால் ஒரு விவரம் வேண்டும்: இவர் இதற்கு முன் ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறாரா, எது, எத்தனை, எவ்வளவு காலமாக?

நான் தமிழில் கேட்டேன். மகாராணி அக்கா மூச்சை இழுத்து இழுத்துப் பதில் சொன்னார்.

"சீசன்ல வாரத்துக்கு நாலஞ்சு. ஆறு வருசமாப் போடுறேன். இந்தத் தடவ வலிக்குன்னு ரெண்டு நாள்ல எட்டோ ஏழோ..." கொஞ்சம் யோசித்தார். "ஏழுதான்."

டாக்டர் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

"எப்போதாவது வயிறு சரியில்லாதபோது ஒன்றிரண்டு சாப்பிட்டிருக்கிறாராம்" என்று நான் மலையாளத்தில் சொன்னேன்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மகாராணி அக்கா என்னையே பார்த்தார். இருபத்தாறு வருடம் மலையாளி முதலாளிகளின் தோட்டத்தில் வேலை செய்தவருக்கு மலையாளம் பேசத்தான் வராது, காதில் விழுந்தால் புரியும். அது எனக்குத் தெரியும். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வாரத்துக்கு நான்கைந்து என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் கொடுத்தது என்பதாக இருக்கும் என்று பயந்தேன். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளில் பதினாறு முறை. அவரை வார்டின் மூலைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். நர்சுகள் கையுறையும் நீள ஏப்ரனும் போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் வந்தார்கள். தலைமாட்டில் மலையாளத்தில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள்: இவரைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவவும்.

"என்ன எழுதிருக்கு?" என்று அக்கா கேட்டார். படித்துச் சொன்னேன்.

"அம்புட்டு அசிங்கமாப் போயிட்டனா?" என்றார். பிறகு அவரே, "பரவால்ல, ஜீப்பா இருந்தா மொக்கையன் எறக்கி விட்டுட்டுப் போயிருப்பான். இங்க கட்டிலாச்சும் குடுத்திருக்காக" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அடுத்த கட்டிலின் ஆட்கள் தங்கள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டதை இரண்டு பேரும் பார்த்தோம்.

மகன் முன்னால் துணி மாற்ற அவருக்குக் கூச்சம். பிரதீப்பை வெளியே அனுப்பிவிடுவார். நர்சு வரத் தாமதமானால் என்னைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருமுறை நானே கையுறை போட்டுக்கொண்டு துடைத்துவிட்டு விரிப்பை மாற்றினேன். "ஆத்தா, நாத்தம் அடிக்குது, நீ அங்கிட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்படிச் செய்தால் அன்று சொன்னது கொஞ்சம் சரியாகிவிடும் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் துடைத்தேன். அதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

நான் வந்த நான்காம் நாள் காலை பரிசோதனைத் தாள் வந்தது. பதினாறு மருந்துகளின் பெயர். கிருமியை அடக்கும் என்றால் நேராக 'எஸ்' என்று போட்டிருப்பார்கள், அடக்காது என்றால் 'ஆர்'. பதினான்குக்கு 'ஆர்'. அந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் எங்கள் கடையில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் வெட்டிக்கொடுத்தது மேலிருந்து மூன்றாவது வரியில் இருந்தது. மூன்று நாளாக அக்காவின் நரம்பில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக்கும் 'ஆர்'.

டாக்டர் சுற்றுக்கு வந்து தாளைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கி, "எப்போதாவது என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

நான் முழுவதையும் சொன்னேன். வாரத்துக்கு எத்தனை, எத்தனை வருடம், கடைசி இரண்டு நாளில் ஏழு. அக்கா முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டார், குறைத்தது நான் என்பதையும் சொன்னேன். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்வதையும், அந்த மாத்திரைகளில் பெரும்பகுதியை என் கையால் வெட்டிக் கொடுத்ததையும் சொன்னேன். பிரதீப்புக்கு மலையாளம் தெரியாது. அவன் என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் திட்டவில்லை. இந்தக் கிருமி மாத்திரையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியிலும் ஒட்டும், தண்ணீரிலும் வரும் என்றார். "ஆனால் இது தெரிந்திருந்தால் நான் அந்த மருந்தில் தொடங்கியிருக்க மாட்டேன். மூன்று நாள் போய்விட்டது" என்றார். அவ்வளவுதான். அன்று மதியமே மருந்தை மாற்றினார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்று தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்க ஐந்து நாளானது. மகாராணி அக்கா இருபத்துநான்கு நாள் கழித்து வீடு வந்தார்.

இப்போது அவர் மலைக்குப் போவதில்லை. பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. அந்தக் கிருமி இன்னும் பல மாதம் குடலில் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பியதால் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதை அவராகவே விட்டுவிட்டார். சோப்பைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். நான் போனால் உட்காரச் சொல்வார், டீ மட்டும் போட்டுத் தர மாட்டார், மருமகளிடம் சொல்வார்.

கடையில் நான் உறை போடுவதை நிறுத்திவிட்டேன். முதல் வாரமே சுப்புத்தாய் வந்து கேட்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். மகாராணி அக்காவுக்கு நடந்ததையும் சொன்னேன். "அவளுக்குக் குடல்வாலு வெடிச்சது. மாத்திரை என்ன செஞ்சுச்சு? இம்புட்டு நாளு நீதான குடுத்த?" என்றார். அவர் நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டு ஜீப்பு ஏறினார். ஈஸ்வரன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். மனம் உறுத்தி நானாகவே டாக்டரிடம் உண்மையைச் சொன்னதுபோல் இருக்கிறது. அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் அன்று காலை டாக்டர் வருவதற்கு முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

நர்சு தாளைக் கோப்பில் வைத்துவிட்டுப் போனதும் நான் எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். டாக்டர் கேட்டால், அன்று அவர் காய்ச்சலில் சரியாகச் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பழியை அக்காவின் காய்ச்சல் மேல் போடுவதற்கான மலையாள வாக்கியத்தைக்கூட மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன்.

"என்னத்தா எழுதிருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"வேலை செய்யாத மருந்து பேரெல்லாம் போட்டிருக்காங்கக்கா."

"நம்ம மாத்திரையும் இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கு நீ கொறச்சுச் சொன்ன. எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொழப்பு போயிரும்னு பயந்துட்டயாக்கும்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நானும்தான் வாயத் தொறக்கல. பதினாலு பேருக்கு வாங்கிக் குடுத்தவ நானுல்ல. அந்த டாக்டரம்மா கேட்டா அது மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு எனக்கும் வெக்கம். நீ கொறச்சதும் அப்பாடான்னுதான் இருந்துச்சு." உதடு வறண்டிருந்தது. தண்ணீர் தொட்டு வைத்தேன். "இந்தா, மூணு நாளா ரெண்டு பேருஞ் சேந்து மறச்சோம். ஒடம்பு மறைக்க விடல."

வார்டின் அந்தக் கோடியில் டாக்டரின் குரல் கேட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது. தொட்டால் கழுவ வேண்டுமே என்று அவருக்கே நினைவு வந்து உடனே விட்டுவிட்டார்.

"கடை பேரச் சொல்லாத. ஈஸ்வரன் பிள்ளகுட்டிக்காரன். ஓம் பேரும் வேணாம், வயசுப் பிள்ள. நான் தின்ன எண்ணிக்கைய மட்டும் கொறைக்காமச் சொல்லிரு தாயி."